நூலக நிலத்தில் ஹோட்டல்: ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போகும் கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் ஊரில் 18 சென்ட் நிலத்தில் ஒரு கிளை நூலகம். தோணி வியாபாரம் செய்த ஒரு மரைக்காயர், ஊர்ப் பிள்ளைகள் படிப்பதற்காக 1958-ல் அந்த மனையை விட்டுக்கொடுத்தார். பத்திரம் பதியவில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, நான்கு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 1962-ல் கட்டடம் எழும்பி, சில வருடங்களில் அரசு நூலகத்துறையின் கைக்குப் போனது. இரண்டு வருடத்துக்கு முன் கூரைக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்ததும், புத்தகங்களைத் தற்காலிகமாக என்று சொல்லி சமுதாயக் கூடத்தின் ஓர் அறைக்கு மாற்றினார்கள். அதன்பின் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. போன மாதம் வாசலில் ஒரு பலகை முளைத்திருக்கிறது: ஹோட்டலும் கடைகளும் வரப்போகின்றனவாம். விசாரித்தால், பட்டா மரைக்காயரின் மகன் பெயரில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் பேரன் ஒரு கட்டட நிறுவனத்தோடு விற்பனை ஒப்பந்தம் போட்டுவிட்டார். ‘தரைத்தளத்தில் நூலகத்துக்கு ஒரு ஹால் இலவசமாகத் தருகிறோம்’ என்று நிறுவனம் சொல்கிறது. ‘பட்டா நம்ம பேர்ல இல்லையே டீச்சர், கொடுக்கறத வாங்கிக்குவோம்’ என்று ஓர் அதிகாரி வாயால் சொல்லியிருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கும் அதுதான் சரி என்று தோன்றுகிறது. கடிதம் எழுதியவருக்கு மனம் ஆறவில்லை. தனி ஆளாக என்ன செய்ய முடியும், காலம் கடந்துவிட்டதா, பூட்டை உடைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிடலாமா, மரைக்காயரின் பேரனிடம் நேரில் பேசலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் மாலையில் அந்தத் திண்ணையில் அமர்ந்து, குரூப் 4 தேர்வுக்குப் படித்ததை எழுதியிருந்தீர்கள். அதில் மூன்று பேர் இன்று அரசு வேலையில் இருப்பதையும் சொல்லியிருந்தீர்கள். அந்தத் திண்ணைக்காகத்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். காலம் கடந்துவிடவில்லை. ஆனால் நாட்களை எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் கடிதம் முழுக்க ஓடும் ஒரு பயத்தைப் பார்ப்போம். ‘பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறது, அதனால் நிலம் அவர்களுடையது’ என்று நீங்களும் நம்புகிறீர்கள், அந்த அதிகாரியும் நம்புகிறார். பட்டா என்பது வருவாய்த்துறையின் கணக்கு. நிலத்துக்கு யார் வரி கட்ட வேண்டும் என்பதை அது காட்டும். உரிமையை அது உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. நீதிமன்றங்கள் இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டன. நம் மாவட்டத்தில் 1980-களில் யூ.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுப் பணி நடந்தபோது, நேரில் வந்து கேட்க ஆள் இல்லாத நிலங்களில் பழைய உரிமையாளர் பெயரோ வாரிசு பெயரோ அப்படியே ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் ஊருணிக்கும் சுடுகாட்டுக்கும் விட்ட நிலங்கள் இப்படித் தனியார் பெயரில் ஏறியதை நானே பல வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் நூலகத்துக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைத் திருத்த வழி இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார்.

அந்த வெள்ளைத்தாள்

பதிவு செய்யாத காகிதம் செல்லாது என்று உங்களுக்குச் சொன்னவர் பாதி சரி. நிலத்தைத் தானமாகக் கொடுக்க, பதிவு செய்த பத்திரமும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 129-ஆவது பிரிவு, இஸ்லாமியச் சட்டப்படி செய்யும் தானத்துக்கு அந்த விதியிலிருந்து விலக்குத் தருகிறது. ஹிபா எனப்படும் இந்தத் தானத்துக்கு மூன்று விஷயம் போதும்: கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, வாங்கிக்கொள்கிறேன் என்ற ஏற்பு, நிலத்தைக் கையில் ஒப்படைப்பது. வாயால் கொடுத்தாலும் செல்லும். பிற்பாடு அதை எழுதி வைத்தார்கள் என்பதற்காக அந்த எழுத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொன்னது. ஒப்படைத்து முடிந்த தானத்தை, கொடுத்தவர் இறந்த பிறகு வாரிசுகள் திரும்பப் பெற முடியாது.

உங்கள் வழக்கின் முதுகெலும்பு இதுதான். பலவீனம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். ‘யார் ஏற்றுக்கொண்டார்கள்’ என்ற கேள்வியை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே கேட்பார். 1958-ல் உங்கள் ஊரில் இருந்தது பஞ்சாயத்து வாசகசாலையா, ஊர் இளைஞர்கள் நடத்திய படிப்பகமா என்று கடிதத்தில் இல்லை. பஞ்சாயத்து என்றால் பழைய தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அதைத் தேடுங்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஒருவேளை தானமே நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் பேரன் மட்டும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் பெண் மக்களுக்கும் பங்கு உண்டு. மரைக்காயருக்கு மூன்று மகள்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அத்தைமாரோ அவர்கள் பிள்ளைகளோ கையெழுத்துப் போடாத ஒப்பந்தம், அந்த நிறுவனத்துக்கே ஆபத்தான ஒப்பந்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் முன்னின்று உழைத்து வந்த சட்டம் அது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டமும் அதுதான். பொது நூலகத்துக்காக வாங்கிய அல்லது வைத்திருக்கும் சொத்துகள் நூலக ஆணைக்குழுவைச் சேரும் என்பது அதன் ஏற்பாடு. எனவே நிலத்துக்காக நிற்க வேண்டிய சொந்தக்காரர் மாவட்ட நூலக ஆணைக்குழு. அவரைத் தட்டி எழுப்புவதுதான் உங்கள் வேலை. அதற்கு உங்களுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துக் காட்டுங்கள். அதில் ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. உங்கள் ஊர் அதை வருடா வருடம் கட்டி வருகிறது.

காகிதங்களை எப்படிச் சேர்ப்பது

வெள்ளைத்தாளின் அசல், அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை லேமினேட் செய்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம், பழைய பாகப்பிரிவினைத் தாளைக் காப்பாற்றுவதாக நினைத்து பிளாஸ்டிக் உறைக்குள் சூடு போட்டு ஒட்டிவிட்டது. மசியையும் தாளையும் பரிசோதிக்கவே வழியில்லாமல் போனது. உங்கள் தாளை அமிலம் இல்லாத உறையோ வெறும் பருத்தித் துணியோ வைத்து மடிப்பில்லாமல் வையுங்கள். கடல் காற்றின் ஈரம் படாத இடமாக இருக்கட்டும். அதே பெட்டியில், அதே வீட்டில் இருப்பது நல்லது. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்துகளை உண்மை என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். சாட்சிகள் நான்கு பேரும் இறந்துவிட்ட நிலையில் இந்த அனுமானம்தான் உங்களுக்குக் கை கொடுக்கும். ‘உரிய இடம்’ என்பதைக் காட்ட, அந்தப் பெட்டி அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று தலைமையாசிரியரின் மகள் சொல்ல முடிய வேண்டும்.

வாசல் சுவரில் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருக்கும் திறப்பு விழாக் கல்லையும் மறந்துவிடாதீர்கள். உளி வைத்துச் சுரண்ட வேண்டாம். காலை ஏழு மணி வாக்கில் வெயில் சாய்வாக விழும்போது தெருவில் நின்று படம் எடுங்கள். பூச்சுக்கு அடியில் இருந்தாலும் எழுத்துகள் நிழலோடு எழும்பித் தெரியும். எடுத்த போனை மாற்றாமல், படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு அதை எடுத்தவரின் சான்றிதழ் தேவைப்படும். பழைய புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஊதா மையில் ஊர்ப் பெயரோடு நூலக முத்திரை இருக்கும். 1960-களின் தேதி உள்ள பத்துப் புத்தகங்களைப் படம் எடுங்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். நூலகர் பெயரிலோ ஆணைக்குழு பெயரிலோ பல வருட மின் கட்டணம் இருந்தால், இடம் நூலகத்தின் அனுபவத்தில் இருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்புறம் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். கேட்க வேண்டியவை இவை: உங்கள் கிளை நூலகம் எந்தத் தேதியில், எந்த ஆணைப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது, சொத்துப் பதிவேட்டில் அந்த நிலத்துக்கு என்ன எழுதியிருக்கிறது, கட்டடத்தைக் காலி செய்யச் சொன்ன ஆணையின் நகல், ஹாலை ஏற்றுக்கொள்வதாக ஏதாவது கடிதம் போயிருக்கிறதா, பஞ்சாயத்து வசூலித்த நூலக வரியில் எவ்வளவு செலுத்தப்பட்டிருக்கிறது. பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985-ல்தான் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று பிரிந்தது. உங்கள் 1960-களின் கோப்பு இந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் முடங்கியிருக்கலாம். ‘எங்களிடம் இல்லை’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாமல், சென்னையிலுள்ள பொது நூலக இயக்ககத்துக்கும் அதே மனுவை அனுப்புங்கள்.

கடலோர விதி உங்களைக் காப்பாற்றுமா?

‘மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா என்பதால் இங்கே ஹோட்டல் கட்டவே முடியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1986-ல் அறிவித்த அந்தப் பூங்கா 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்ந்தது. உங்கள் தெரு அதற்குள் வராது. கடலோர ஒழுங்காற்று மண்டல விதி வேறு. ஏற்றத்தின்போது கடல் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் அதன் பிடி உண்டு. உங்கள் நூலகம் கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் என்கிறீர்கள். அந்தத் தூரத்தில் அடியோடு தடை என்று சொல்ல முடியாது. உரிய அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அந்த அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்காமல் அஸ்திவாரம் தோண்டினால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆறு மாதத்துக்குள். ஆனால் இந்த விதியால் ஹோட்டலைத்தான் தாமதப்படுத்த முடியும். நிலத்தை நூலகத்துக்குத் திருப்பித் தர அதற்குச் சக்தி இல்லை. கடலோர விதியை மட்டும் நம்பி உரிமை வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். நகல்களை மாவட்ட நூலக அலுவலருக்கும், கோட்டாட்சியருக்கும், நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும், சார்பதிவாளருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு, அரசு மற்றும் உள்ளாட்சி நிலங்களின் பத்திரத்தைப் பதிய மறுக்க இடம் தருகிறது. அந்தச் சர்வே எண்ணில் தகராறு இருக்கிறது என்பது சார்பதிவாளர் மேசையில் எழுத்தாக இருக்க வேண்டும். விற்பனைப் பத்திரம் இன்னும் பதியவில்லை என்பதை வில்லங்கச் சான்று போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது நமக்கு இருக்கும் பெரிய சாதகமே அதுதான். ஒரு நாளிதழில் பொது அறிவிப்பும் கொடுத்துவிட்டால், ‘எனக்குத் தெரியாமல் வாங்கிவிட்டேன்’ என்று நாளை யாரும் சொல்ல முடியாது.

அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். ஊரில் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் என்கிறீர்களே, அவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். கூரை விழுந்த கட்டடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கப் பயப்படுவது நியாயமான பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும்படி, கட்டடத்தின் உறுதியைப் பொதுப்பணித்துறைப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும், இடித்துக் கட்டுவதாக இருந்தாலும் அதே நிலத்தில் நூலகமாகவே கட்ட வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். அதை எதிர்க்க ஆள் குறைவாகவே இருப்பார்கள்.

இரண்டு மாதம் பார்த்தும் அசைவில்லை என்றால், அல்லது அதற்குள் ஜேசிபி வந்து நின்றால், கோர்ட். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல மனு போடலாம். ஆனால் ‘நிலம் யாருடையது’ என்ற சண்டையை உயர் நீதிமன்றம் ரிட் மனுவில் தீர்த்து வைக்காது. ‘உங்கள் மனுவை அதிகாரிகள் இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும், அதுவரை அனுமதி தரக் கூடாது’ என்ற உத்தரவுக்கே வாய்ப்பு அதிகம். அதுவும் பெரிய உதவிதான். உரிமையை நிலைநாட்ட சிவில் வழக்கு வேண்டும். ஆணைக்குழுவே வாதியாக வந்தால் நல்லது. வராவிட்டால், வாசகர் வட்டத்தார் சிலர் சேர்ந்து கோர்ட்டின் அனுமதியோடு ஊர் மக்கள் எல்லோருக்காகவும் வழக்குப் போடலாம். அரசுத் தரப்பையும் எதிர்வாதியாகச் சேர்ப்பதால் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும். அவசரம் என்றால் அதற்கும் விலக்குக் கேட்கலாம். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம்பிக்கைக்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். ‘உங்களுக்கு என்ன உரிமை’ என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1991-ல் ஏற்கவில்லை. ஒதுக்கீடு செல்லாது என்றது. லக்னோவில் ஒரு பூங்காவின் அடியில் வணிக வளாகமே கட்டிவிட்டார்கள். 1999-ல் அதை இடித்துப் பூங்காவைப் பழையபடி ஆக்க உத்தரவு வந்தது. இரண்டும் பூங்கா வழக்குகள், உங்களுடையது தான நிலம், அப்படியே பொருந்தாது. ஆனாலும் பொதுப் பயனுக்கு விட்ட இடத்துக்காகச் சாதாரண ஆட்கள் கோர்ட்டுக்கு வரலாம் என்பதில் இனி சந்தேகம் வேண்டாம்.

பூட்டை உடைப்பது வேண்டாம், டீச்சர். அத்துமீறல் வழக்கு உங்கள் மேல் பாய்ந்தால், ஓய்வூதிய வயதில் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நீங்கள்தான் அலைவீர்கள். வாட்ஸப் குழுவில் கட்டட நிறுவனத்துக்காரரைத் திருடன் என்று பேசிய குரல் பதிவையும் இன்றே நீக்கச் சொல்லுங்கள். அவதூறு வழக்குக்கு அது போதும். அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். பூட்டியிருப்பது கதவுதானே, திண்ணை இல்லையே. கூரை பெயராத அந்தத் திண்ணை ஓரத்தில் நாள்தோறும் காலையில் ஒரு மேசையும் இரண்டு நாளிதழும் போட நூலகரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வந்து படிப்பவர்கள் ஒரு நோட்டில் தேதியோடு கையெழுத்துப் போடட்டும். ‘நூலகம் இந்த இடத்தைக் கைவிட்டுவிட்டது’ என்று எதிர்த்தரப்பு சொல்லத் தயாராக இருக்கும். அந்த வாயை அடைக்க இந்த நோட்டுதான் வேண்டும். சமுதாயக் கூடத்துக்கு மாறியது தற்காலிகம் என்று நூலகத்துறையிடமிருந்து ஒரு கடிதமும் வாங்குங்கள்.

இலவச ஹால் பற்றி என் கருத்து: வேண்டாம். நிலம் கைமாறிவிட்டால், அந்த ஹாலில் நூலகம் குடித்தனக்காரர். கட்டடம் அடுத்தவர் கைக்கு விற்கும்போது அந்த வாக்குறுதி எந்தப் பத்திரத்தில் இருக்கும்? ஊர் அதைத்தான் விரும்புகிறது என்று முடிவானாலும், நிலம் ஆணைக்குழுவின் பெயரிலேயே இருக்க வேண்டும். அரசின் எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டும். ‘வாங்கிக்குவோம்’ என்று ஓர் அதிகாரி சொன்ன ஒற்றை வார்த்தையால் பொதுச் சொத்து கைமாறாது. அவரிடம் மறுபடி பேசினால், அந்த ஆணையின் எண்ணும் தேதியும் மட்டும் கேளுங்கள்.

கடைசியாக, பேரனைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாகப் பாருங்கள். தாத்தா கொடுத்த கதை அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். பட்டாவில் அப்பா பெயரைப் பார்த்து, நம் சொத்து என்று நம்பியிருக்கலாம். தனியாகப் போகாமல், ஜமாஅத் பெரியவர் ஒருவரையும், அந்தத் திண்ணையில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகளில் ஒருவரையும் கூட்டிப் போங்கள். கேஸ் போடுவோம் என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். தாத்தாவின் கையெழுத்தை முதலில் காட்டுங்கள். அவர் மனம் இளகினால், ‘என் பாட்டனார் கொடுத்தது உண்மை, எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று ஒரு பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். அதை வைத்துப் பட்டா மாற்றத்துக்கு மனு கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டிய தேவையே வராமல் போகலாம். போகும்போது அந்த வெள்ளைத்தாளின் நகலை மட்டும் கொண்டு போங்கள். அசல் தலைமையாசிரியர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.